இன்னொரு குவளை எண்ணெய்

வேன்காரருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் மனைவி இதையே தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள். பிடி உடைந்த வாளி அவர் வீட்டில் பூந்தொட்டியாகும், கிழிந்த டியூப் துண்டு துண்டாகிக் கட்டுக் கயிறாகும், ஜோடி போன ஒற்றைச் செருப்புகூட என்றைக்காவது ஒரு கதவுக்கு முட்டாகும். கருமி என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவருக்கு வாரிக் கொடுக்கிற கைதான். ஒரு பொருள் வீணாவதை மட்டும் அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது. இந்தக் குணம் எல்லாவற்றையும்விட அதிகமாக வெளிப்பட்டது அவருடைய பழைய இன்ஜின் ஆயிலில்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அவருடையது. ஆயில் மாற்ற வேண்டிய தூரம் ஓடியதும், விடுமுறை நாள் காலையில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குவார். வீட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் முதுகால் ஊர்ந்து போய், அடி போல்ட்டைக் கழற்றுவார். கருகருவென்று எண்ணெய் அடியில் வைத்த பேசினில் இறங்கும். மற்ற டிரைவர்கள் எல்லாம் பட்டறையிலேயே ஆயில் மாற்றி, பழையதை அங்கே இருக்கிற பெரிய பீப்பாயில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பீப்பாய் நிறைந்ததும் அதைச் சுத்திகரிக்கிறவர்கள் லாரியில் வந்து எடுத்துப் போவார்கள். வேன்காரருக்கு அது ஆகாது. நம்ம வண்டியில் ஓடின எண்ணெய் நம்ம வீட்டுக்குத்தான் உழைக்க வேண்டும் என்பார். ஆறிய எண்ணெயைப் பழைய பனியனில் வடிகட்டி, புனல் வைத்துக் கேனில் ஊற்றி, கேனின் மேல் சாக்பீஸால் தேதி எழுதி, மாடிப்படிக்கு அடியில் வரிசையாக வைப்பார். குழந்தையைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கிற பக்குவம் அதில் இருக்கும்.

அந்த எண்ணெய் போகாத இடமில்லை. வாசல் கேட்டின் கீல், மண்வெட்டி, ஏணியின் கால், கரையான் ஏறுகிற கதவு நிலை, வேலிக் கம்பத்தின் அடி என்று எல்லாம் கருப்பாகப் பளபளத்தன. தெருவில் எங்காவது ஒரு கதவு கிறீச்சிட்டால் "வேன்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் மூக்கு நீண்ட சின்னக் கேனோடு பெரிய டாக்டர் மாதிரி வந்து நிற்பார். ஒரே ஓர் இடத்தில்தான் அந்த எண்ணெய்க்கு அனுமதி இல்லை. அது மனைவியின் தையல் மிஷின். அதற்கென்று அவள் வெள்ளை எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் வாங்கி, மிஷின் டிராயரில் வைத்திருந்தாள். "இதுல மட்டும் உங்க கருப்பெண்ணெய விட்டீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் சொன்னது. அன்றிலிருந்து அவர் மிஷின் பக்கம் போனதில்லை.

கல்யாணமாகி வந்தபோது அவள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு தம்பியும் கொண்டு வந்தாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பிக்கு வேறு போக்கிடம் இல்லை. வேன்காரர் முகம் சுளித்தாரா என்றால் இல்லை. தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். அவன் தலையெடுத்துத் தனிக்குடித்தனம் போகும்வரை எட்டு வருஷம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவருக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை.

மைத்துனன் கொத்தனார் வேலைக்குப் போனான். கல் வைப்பதில் அவன் சுமார்தான். பூச்சு என்று வந்துவிட்டால் அவன் கைக்கு ஈடு கிடையாது. சுவரைப் பூசி முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சம் அடிப்பான். எங்காவது ஒரு மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நிழல் விழுந்த இடத்தை மறுபடி தேய்ப்பான். வீட்டுக்காரர் "போதும்ப்பா, இதையெல்லாம் யாரு டார்ச் அடிச்சுப் பாக்கப் போறா" என்று சலித்துக்கொண்டாலும் விடமாட்டான். அவன் பூசின வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பாதி வீடு அவன் கை பட்டதுதான். அவன் குடித்தனமும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

மகள் பெரிய வகுப்புக்கு வந்தபோதுதான் மாடியில் ஓர் அறை கட்டுகிற பேச்சு வந்தது. வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. தையல் மிஷின் கடகடக்கிற இடத்தில் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை. மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஒரு அறை இருந்தால் போதும் என்றாள். அவள் அதிகமாக எதையும் கேட்கிற பெண் இல்லை. ஆகவே கேட்டது நடக்க வேண்டும் என்று வீடே மும்முரமாகிவிட்டது.

சுவர் எழும்பியது. மேலே கான்கிரீட் போடுவதற்காக ஆட்கள் சென்ட்ரிங் பலகைகளைத் தட்டாக அடித்தார்கள். பலகையில் கான்கிரீட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய் தடவுவது வழக்கம். அதற்காக மேஸ்திரி வாங்கி வந்திருந்த எண்ணெயை வேன்காரர் கையோடு திருப்பி அனுப்பினார். மாடிப்படிக்கு அடியில் ஆறு கேன் இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு? அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எத்தனையோ வருஷமாகச் சேர்த்த எண்ணெய் கடைசியில் மகளின் அறைக்கே உதவப்போகிறது. மேஸ்திரி ஒரு கந்தல் துணியைத் தோய்த்து, பலகைகளை மேலாகத் துடைத்துவிட்டு, போதும் என்றார். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று வேன்காரர் கேட்டார். "வேணாம்ண்ணே, கூடுனா பின்னாடி பூச்சு பிடிக்காது" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கம்பி கட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எதிர்வீட்டில் நடந்த ஒரு விஷயம் வேன்காரர் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அங்கே பலகையைப் பிரிக்கும்போது கான்கிரீட்டும் சேர்ந்து பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்துவிட்டது. தன் வீட்டில் அப்படி ஆகிவிட்டால்? மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர் தனியாக மேலே ஏறினார். வெயிலில் பலகைகள் காய்ந்து வெளுத்துக் கிடந்த மாதிரி அவருக்குப் பட்டது. கேனைச் சாய்த்து ஒரு குவளை எண்ணெய் எடுத்து, கட்டியிருந்த கம்பிகளுக்கு இடையில் ஊற்றினார். அப்புறம் இன்னொரு குவளை. கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே, நல்லது கூடினால் என்ன கெட்டுவிடப்போகிறது? ஒரு கேன் முழுசாகக் காலியானது. இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கான்கிரீட் போட்டாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பலகையைப் பிரித்தார்கள். பலகை தொட்டதும் கழன்று வந்தது. கான்கிரீட்டின் அடிப்பக்கம் கண்ணாடியாக இருந்தது, ஒரு பொத்தல் இல்லை, ஒரு பெயர்ப்பு இல்லை. வேன்காரர் தெருவில் போகிறவரையெல்லாம் மேலே கூட்டி வந்து காட்டினார். மைத்துனன் பூச வந்தவன், சாரத்தில் ஏறி நின்று, உள்ளங்கையைக் கூரையில் வைத்துத் தேய்த்தான். கையை எடுத்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"மாமா, இதுல எண்ணெ ஊறியிருக்கே. எவ்வளவு போட்டாங்க?"

"துணியில தொட்டுத் துடைச்சதுதான் மாப்ள. மேஸ்திரியக் கேட்டுப் பாரு."

அப்படிச் சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மேஸ்திரி தொட்டுத் துடைத்தது உண்மைதானே. மைத்துனன் தயங்கினான். கூரை முழுவதையும் கொத்திவிட்டு, சோடா போட்டுக் கழுவி, காயவைத்துத்தான் பூச வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றான். மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வேன்காரர் மேசை வேறு வாங்கி வந்துவிட்டார். தொட்டுத் துடைத்ததற்கா இத்தனை பாடு என்று சிரித்தார். மாமா சொன்னால் சரி என்று மைத்துனனும் மேலாகக் கொத்திவிட்டுப் பூசினான். வழக்கம்போல டார்ச் அடித்துப் பார்த்தான். நிழல் விழவில்லை.

நான்கு மாதம் மகள் அந்த அறையில் ராணி மாதிரி இருந்தாள். மழைக்காலத்தில் ஒருநாள் காலை, படித்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்தாள். சொம்பை வாயில் வைத்திருக்கும்போதே மேலே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தால், கூரைப் பூச்சில் பாதி பாளமாகக் கழன்று மேசைமேல் விழுந்திருந்தது. நாற்காலியின் முதுகு உடைந்து கிடந்தது. நோட்டுப் புத்தகங்கள் தூளுக்கு அடியில் இருந்தன. மனைவி மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

வேன்காரர் குனிந்து ஒரு பெரிய பாளத்தைப் புரட்டினார். கூரையில் ஒட்டியிருக்க வேண்டிய பக்கம் பழுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. வாசனை வந்தது. இருபது வருஷமாக அவர் கையில் இருக்கிற வாசனை, அவருடைய சொந்த வண்டியின் வாசனை. அவர் பாளத்தை அப்படியே மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த ஒரு நொடியில் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி கண்ணெதிரே உடைந்து கிடந்தது. உடைத்தது நான்தான் என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு எங்கிருந்து வாய் வரும்? வேறு வார்த்தைதான் வந்தது. சேதி கேட்டு ஓடி வந்த மைத்துனன் வாசலில் கால் வைக்கும்போதே, தெருக்கூட்டத்துக்கு முன்னால் அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். கலவையில் சிமெண்ட் போட்டாயா, மண்ணைக் குழைத்து அப்பினாயா, மூட்டையை எங்கே கொண்டுபோய் விற்றாய், வளர்த்த வீட்டுக்கே இந்த வேலை செய்தாயே என்று. உடம்பு நடுங்க நடுங்கக் கத்தினார். இவ்வளவு கோபம் வருகிறதென்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சொந்த அக்கா புருஷனே சொல்கிறார், வேறு யார் சாட்சி வேண்டும்?

மைத்துனன் மேலே ஏறினான். தூளுக்கு நடுவில் கிடந்த ஒரு சின்னத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான். விரலைப் பார்த்தான். பிறகு வேன்காரரைப் பார்த்தான். வேன்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்.

"எம் பொண்ணு தலையில விழுந்திருக்கும்டா. இனிமே நீ இந்தப் படியேறாத."

கையிலிருந்த துண்டை மெதுவாக மேசை விளிம்பில் வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான்.

தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் அதற்குக் கால் முளைக்க எத்தனை நேரமாகும்? சிமெண்ட்டைத் தின்கிறவன் என்று பெயராகிவிட்டது. பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலை கைமாறியது. பூசி முடித்த வீட்டுக்காரர்கள்கூடச் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தவனுடைய சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், வேறென்ன சொல்ல. ஒரு வருஷத்துக்குள் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். போகிற அன்று அக்காவிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. வரச் சொன்னவளா அவள்?

வேன்காரர் மிச்சமிருந்த பூச்சையும் தானே கொத்தி எடுத்துவிட்டு, அறையைப் பூட்டினார். மகள் மறுபடியும் கீழே வந்து மிஷின் சத்தத்திலேயே படித்து, பாஸாகி, வேலைக்குப் போய், கல்யாணமாகியும் போனாள். அந்த அறையில் பழைய பாயும் தகர டப்பாக்களும் குடியேறின.

தெருவுக்கு ஒரு மாற்றம் மட்டும் புரியவில்லை. வேன்காரர் அந்த நாளுக்கு அப்புறம் எதற்கும் எண்ணெய் விடவில்லை. ஆயிலை மாற்றுவது வீட்டில்தான், கேனில் ஊற்றுவதும் உண்டு, ஆனால் தேதி எழுதுவதில்லை, எடுத்து உபயோகிப்பதும் இல்லை. பட்டறைப் பீப்பாய்க்கும் கொண்டுபோகவில்லை. மாடிப்படிக்கு அடியில் கேன்கள் பெருகி, கூடத்துக்குள் எட்டிப் பார்த்தன. வாசல் கேட் துருப்பிடித்துத் திறக்கும்போதெல்லாம் ஊளையிட்டது. டாக்டர் வீட்டுக்கே வைத்தியம் இல்லையா என்று கிண்டல் செய்தார்கள். அவர் சிரித்து வைப்பார். வயசாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று மனைவி தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டில் நல்ல காரியமாக ஏதாவது பேச்சு வரும்போது மட்டும் அவள் சட்டென்று அமைதியாகிவிடுவாள். தம்பியை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவர் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

இப்படியே ஒன்பது வருஷம் போய்விட்டது. ஒன்பது வருஷத்தில் எத்தனை நாள், எத்தனை சாப்பாடு, எத்தனை முறை எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுக்காமல் இல்லை. முதல் மாதத்தில் கொஞ்சம் துணிச்சலாகச் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் ஆனபிறகு, ஏன் அப்போதே சொல்லவில்லை என்கிற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூன்று வருஷத்துக்குமேல் அந்தக் கேள்விதான் பெரிதாக நின்றது, எண்ணெய் சின்னதாகிவிட்டது.

மகள் கைக்குழந்தையோடு வந்து இரண்டு மாதம் தங்கப்போகிறாள் என்றதும், மனைவி மாடி அறையைத் திறந்து பூசச் சொன்னாள். வேன்காரர் வேறு இடத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். மனைவி கீழே மிஷினில் இருந்தாள். புதுக் கொத்தனார் கூரையை ஒரு சுத்தியால் தட்டி, சுரண்டி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாருங்க இதுல இவ்வளவு எண்ணெய ஊத்துனது? எப்பேர்ப்பட்ட ஆளு பூசினாலும் இதுல நிக்காதே. மொதல்ல யார் பூசினது?"

"யாரோ ஒருத்தர். வெளியூர்" என்றார் வேன்காரர்.

"பாவம், அவரைத்தான் திட்டியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

யாரோ ஒருத்தர். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று வேன்காரருக்கே நம்ப முடியவில்லை. கட்டிலைக் கொடுத்து வளர்த்த பிள்ளை யாரோ ஒருத்தர் ஆகிவிட்டான். அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கும்போது, ஒரு சின்னப் பெண்ணை அவள் வீட்டில் விடாமலேயே மூன்று தெரு தாண்டிப் போய்விட்டார். "வேன் மாமா, எங்க வீடு போயிடுச்சு" என்று அது பின்னாலிருந்து கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. வண்டியை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திருப்பினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் லீவு. பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

விசாரித்துக்கொண்டு போனதில், ஊர் எல்லையில் அடுக்குமாடி கட்டுகிற இடத்தைக் காட்டினார்கள். தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில் மைத்துனன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. உள்ளே கூரை முட்ட சிமெண்ட் மூட்டைகள். அவன்தான் அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். சாவி அவன் இடுப்பில் தொங்கியது. சிமெண்ட்டைத் தின்கிறவன் என்று தெரு பட்டம் கட்டி அனுப்பிய ஆளை நம்பி ஊர் பேர் தெரியாத ஒருவர் அத்தனை மூட்டையையும் ஒப்படைத்திருக்கிறார். வேன்காரருக்கு அந்தச் சாவியைப் பார்க்க முடியவில்லை.

"வாங்க மாமா" என்று அவன் எழுந்தான். ஸ்டூலை இடது கையால் இழுத்துப் போட்டான். வலது கை தோளுக்குமேல் எழும்புவதில்லையாம். வந்த இடத்தில் ஆளைத் தெரியாது, பிடித்த வேலையைக் கேட்டு வாங்க முடியாது. யாரும் ஏற்காத கூரைப் பூச்சாகவே வருஷக்கணக்கில் செய்ததில் தோள் போய்விட்டது என்றான். ஏதோ மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான். அக்கா எப்படி இருக்கிறாள், பாப்பாவுக்குக் குழந்தை பிறந்ததாமே என்று கேட்டான். டீ வாங்கி வரச் சொல்லவா என்றான்.

வேன்காரர் உட்காரவில்லை. வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"மாப்ள, அந்தக் கூரையில ஒரு கேன் எண்ணெய நான்தான் ஊத்தினேன். மேஸ்திரி போதும்னு சொன்னப்புறம், யாருக்கும் தெரியாம ஏறிப் போய் ஊத்தினேன்."

"தெரியும் மாமா."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். துண்டைத் திருப்பிப் பாத்தனே."

 ஏன்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வேன்காரர் கேட்டார். அவன் சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து, மறுபடி செருகிக்கொண்டான்.

"நான் சொல்லியிருந்தா அக்கா நம்பியிருக்கும். நம்பிட்டு அது எங்க போகும்? உங்களோடதான வாழணும். அதுவுமில்லாம, நீங்களே வந்துருவீங்கன்னு நெனச்சேன். கோவத்துல கத்திட்டாரு, ஆறினதும் வருவாருன்னு வீட்டுல சொல்லிட்டு, அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே ஒக்காந்திருந்தேன் மாமா."

வேன்காரர் அழுதார். வேலையாட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதார். தெருவில் எல்லோரையும் கூட்டி வைத்து, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். கூடவே வா, நீ நிற்க, நான் சொல்கிறேன் என்றார். மைத்துனன் தலையை ஆட்டினான். தெருவில் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், மீதிப் பேருக்கு அது ஒரு பொழுதுபோக்கு என்றான்.

"தெருவுக்கு எதுக்கு? அக்காகிட்ட சொல்லுங்க. முடிஞ்சா இன்னைக்கே சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் வேன்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். மன்னித்துவிட்டான் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் மத்தியான வெயில் இறங்கவில்லை. மனைவி பேரக்குழந்தைக்காக மெல்லிசுத் துணியில் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்து, மடிமேல் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் காலருகே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குவளையைச் சொன்னார். கவிழ்த்து வைத்த பாளத்தைச் சொன்னார். யாரோ ஒருத்தர் என்று நேற்றுச் சொன்னதையும் விடவில்லை. பெடலில் அவள் கால் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

அவள் கையிலிருந்த சட்டையை மடிமேல் வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைல இருந்தே."

"உங்களுக்கும் அன்னைல இருந்தே."

அவர் தலையசைத்தார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள் அவள். "படியேறாதன்னு சொன்னது நான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு அடி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். அவள் நூலை அறுத்து, ஊசியைத் தூக்கி வைத்து, மிஷினுக்கு உறை போட்டாள். தைத்த சட்டைகளை மடித்து வைத்தாள். முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு, பையில் இரண்டு புடவைகளை எடுத்து வைத்தாள். இரண்டு என்பதை அவர் பார்த்தார். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கொண்டுபோய் விடுகிறேன் என்று எழுந்தார்.

"வேணாம். நான் பஸ்ல போயிக்கிறேன்."

வாசல் கேட்டைத் திறந்தாள். அது வழக்கம்போல ஊளையிட்டது. அவள் ஒரு கையைக் கேட்டில் வைத்தபடி, துருப்பிடித்த கீலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதான் இத்தன வருசமா இதுக்கு எண்ணெ போடலையா?"

அவர் ஆமாம் என்றார். அவள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

வேன்காரர் உள்ளே போகவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்தார். புதுக் கொத்தனார் வந்து கூரையை எப்போது கொத்தலாம் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். தெருவில் போன ஒருவர் என்ன வேன்காரரே, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்றார் அவர். வெயில் தாழ்ந்து, நிழல் எதிர்ச்சுவரில் ஏறியது. அந்தச் சுவரைப் பூசியதும் மைத்துனன்தான். சாயங்காலம் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் எழுந்து கேட் வரை போய்ப் பார்த்தார். அதில் அவள் வரவில்லை. திரும்பி வந்து மறுபடியும் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.